ஓடாத வண்டியின் பேட்டரி

ஓடுகிற வண்டியின் பேட்டரியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஓட ஓட அதுவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் பேட்டரியைத்தான் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். இது தெரியாமல் கெடுத்திருந்தால் இவ்வளவு வருத்தம் இருக்காது. எல்லாம் தெரிந்துதான் கெடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் எங்களிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. கோயில் யாத்திரைக்கென்றே வைத்திருந்த வண்டி. இரண்டு பக்கமும் நீள பெஞ்சு. நடுவில் பலகையைப் போட்டால் எட்டுப் பேர் கால் நீட்டிப் படுக்கலாம். பின்னால் ஸ்டவ்வும் அண்டாவும் வைக்க மரப்பெட்டி, கூரைமேல் தண்ணீர் டிரம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு ஓய்வில்லாமல் ஓடும். தை பிறந்ததும் வீட்டையொட்டிய காலி மனையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு ஒரு கூட்டம் கிளம்பும் வரை அதற்கு வேலை கிடையாது.

வீட்டுக்குள் அண்ணன் இரண்டு தறி போட்டிருந்தார். நான் மட்டும் தறியில் உட்காராமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். அதனால் வீட்டாருக்கு என்மேல் கொஞ்சம் இளக்காரம், வெளியில் எனக்குக் கொஞ்சம் மிடுக்கு. கோபம் மட்டும் இரண்டு இடத்திலும் மூக்குக்கு மேல் இருக்கும்.

என் மனைவி ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பத்தாவதைத் தனியாக எழுதிப் பாஸ் பண்ணிவிட்டால் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை. நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. புத்தகம் மட்டும் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன், அந்த வருஷப் பரீட்சைக்குப் பணமும் கட்டினேன். ஆனால் இரண்டு தறிச் சத்தத்தில் எங்கே உட்கார்ந்து படிப்பது? கணக்கைப் பாதி போடும்போதே என் அம்மா வேலைக்குக் கூப்பிடுவாள்.

"வேன்ல போயி குந்திக்கினு படியேன். யாரும் வரமாட்டாங்க" என்று சொன்னவன் நான்தான்.

சாயங்காலம் அடுப்பு வேலை தொடங்கும் முன் ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைக்கும். கதவைச் சாத்திக்கொண்டால் தறிச் சத்தம் பாதியாகக் குறையும். வெளிச்சம் மங்கினால் போட்டுக்கொள்ள உள்ளே கூரையில் ஒரு சின்ன விளக்கு இருந்தது. அதன் சுவிட்சையும் நானேதான் காட்டிக் கொடுத்தேன். வழக்கமாக வண்டியை நிறுத்தியதும் சார்ஜ் இறங்காமலிருக்கப் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிடுவேன். அந்த வருஷம் அவள் விளக்குக்காகக் கழற்றவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் அவள் உதடு அசைவது தெரியும். வரலாற்றை வாய்விட்டுத்தான் படிப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, வாயைத் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லை.

நிற்கிற வண்டியை வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டார்ட் பண்ணினேன். சாம்பிராணி காட்டி, குங்குமம் வைத்து, சாவியைத் திருப்புவேன். ஆனால் காலை நேரத்தில் அண்ணன் தறிக்கான பட்டு நூலைத் தெருவில் பாவாக நீட்டி வைத்திருப்பார். டீசல் புகை நூலில் படியும் என்று கத்துவார். நானும் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிடுவேன். ஸ்டார்ட் பண்ணியதில் இறங்கிய சார்ஜ்கூட அந்த இரண்டு நிமிஷத்தில் திரும்ப ஏறாது. வாரா வாரம் பூஜை நடந்தது, பேட்டரி இளைத்துக்கொண்டே வந்தது.

இது போதாதென்று இன்னொரு வேலையும் செய்தேன். மாசி மாதம் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிந்தது. பேட்டரிக்கென்று விற்கிற சுத்தத் தண்ணீர் பாட்டிலில் காலியாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கச் சோம்பல். மாட்டுப் பொங்கலன்று சாமி பார்க்கப் பழையசீவரம் போயிருந்தபோது, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி ஒரு குடம் நிறைய எடுத்து வந்திருந்தோம். கண்ணாடி மாதிரித் தண்ணீர். எங்கள் வீட்டில் அதைப் பூஜைக்கு மட்டும்தான் எடுப்பார்கள். சாமி அபிஷேகத்துக்கு ஆகிற தண்ணீர் பேட்டரிக்கு ஆகாதா என்று நினைத்தேன். டம்ளரில் மொண்டு ஆறு துவாரத்திலும் ஊற்றினேன். ஏதோ புண்ணிய காரியம் செய்த நிறைவுகூட இருந்தது.

பழனிக்குக் கிளம்பும் நாள் வந்தது. காவடியும் மாலையுமாகப் பன்னிரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருப்பினேன். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருக்கோடி வரை தள்ளினார்கள். ஒரு முறை உறுமிவிட்டு அணைந்துபோனது. கூட்டத்துக்குப் பெரியவர் வேட்டியை உதறிக்கொண்டு, "சாமி கும்பிடப் போற வண்டியைத் தள்ளிக்கினா போறது? சகுனம் சரியா இல்ல. பஸ்ஸுலயே போயிடலாம் வாங்கப்பா" என்றார். அத்தனை பேரும் காவடியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் தறியை விட்டு எழுந்து வந்து, "இன்னாடா ஆச்சு வண்டிக்கு?" என்றார். யாத்திரைக்காரர்களுக்காகக் கரைத்த பானகச் சொம்போடு என் மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். என் மானம் போகிற அவசரத்தில் கையில் அகப்பட்டவள் அவள்.

"தெனம் வெளக்கப் போட்டுக்கினு படிச்சா பேட்டரி எங்கேர்ந்து இருக்கும்? இவளக் கேளு!" என்றேன்.

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "படிப்பு படிப்புன்னு சாமி காரியத்தையே கெடுத்து வெச்சிட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். சுவிட்சைக் காட்டிக் கொடுத்தது யார் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "தெரியாம பண்ணிட்டேன்" என்று அம்மாவிடம்தான் சொன்னாள். அன்று சாயங்காலமே புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி பஸ் ஸ்டாண்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடிகளைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"இன்னா தண்ணி ஊத்தின?"

"பழையசீவரத்து ஊத்துத் தண்ணி. சுத்தமான தண்ணி."

"பேட்டரிக்கு இன்னா அபிஷேகமா பண்றே? பிளேட்டெல்லாம் வெளுத்துப் போயி கீது பாரு. ஆத்துத் தண்ணில இருக்கற உப்பெல்லாம் உள்ள போயிருக்கு. ரொம்ப நாளா சார்ஜும் ஏறல. இது இனிமே தேறாது."

"உள்ள வெளக்கு எரிஞ்சிக்கினு இருந்திச்சி. அதனாலயா?"

"அந்தச் சின்ன பல்பாலயா?" என்று சிரித்தார். "நீ பண்ண வேலைக்கு அது மேல ஏன் பழியப் போடற?"

சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பும்போது சொல்லிவிடத்தான் வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். வீட்டு வாசலில் அண்ணன், "கடையில இன்னா சொன்னான்?" என்று கேட்டார். அடுக்களையில் அவள் முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்தினாள். அவளுக்கும் காதில் விழ வேண்டும் என்றுதான் நிறுத்தியிருப்பாள். "சார்ஜு இறங்கிப் போச்சாம்" என்றேன். அது பொய்யும் இல்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

முறத்தின் சத்தம் மறுபடி கேட்டது. புது பேட்டரி வந்தது, வண்டி ஓடியது. பரீட்சையன்று அவள் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். நான் வண்டி கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த வருஷம் எழுதலாம் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு குழந்தைகள் வந்தார்கள்.

எங்கள் பெண் பரீட்சைக்குப் படித்த காலத்தில், அறையை விட்டு அது எழுந்துபோனால் என் மனைவி பின்னாலேயே போய் விளக்கை அணைப்பாள். பெண் சலித்துக்கொண்டால், "உங்கப்பா வேன் பேட்டரியவே காலி பண்ணவடி நான். எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்" என்று சிரிப்பாள். விருந்தாளிகளிடமும் இதைச் சொல்லுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன வருஷம்தான் சொன்னேன். இருவரும் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் மறுபடி அந்தக் கதையை எடுத்தாள். தண்ணீரைச் சொன்னேன், இரண்டு நிமிஷத்தில் வண்டியை நிறுத்தியதைச் சொன்னேன், கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவள் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாள் காலையிலேயே."

அடுத்த துண்டை எடுத்து உதறினாள்.

"பரீட்சைக்கு அன்னிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்திச்சே" என்றாள்.