ரங்கூன் பட்டத்துக்கு வந்த சாட்சி

1. செல்லாத பட்டம்

ரங்கூனில் டாக்டர் பட்டம் வாங்கி வந்த எனக்குச் சித்தூரில் தலைவலி மாத்திரைக்குக்கூடச் சீட்டு எழுத உரிமை இல்லை. பட்டத்தை அங்கீகரிக்கும்படி மதராஸுக்கு மனுப் போட்டேன். அது நகர்வதற்குள் ஆந்திர ராஜ்யம் பிரிந்து, மனு கைமாறிப் போனது. பதிவு பெற்ற ஒரு டாக்டரின் கீழ் வேலை செய்ய வேண்டும், பிறகு அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார் என்று புதிய ராஜ்யத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்த டாக்டர் பக்கத்தில் இல்லாமல் நான் கத்தியைத் தொடக் கூடாது.

ராகவன் டாக்டரின் சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பிரசவம் நான் பார்ப்பேன், கையெழுத்து அவர் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பொறுத்துக்கோம்மா, உன் கை நல்ல கை" என்பார் அவர். நல்ல கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

2. பிரம்மோற்சவ வாரம்

அவர் குடும்பம் திருமலைக் கோயில் கைங்கரியத்தில் இருந்தது. பிரம்மோற்சவம் வந்தால் மலையேறிவிடுவார். அப்படிப் போயிருந்த ஒரு மத்தியானம், பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து குப்பம்மாளை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது, ஒரு கை வெளியே வந்திருந்தது. கர்ப்பப்பை கிழிகிற நிலை. வேலூருக்கு அனுப்பினால் வழியிலேயே போய்விடுவாள்.

ஆபரேஷன் செய்தால் என் மனு போச்சு, செய்யாவிட்டால் அவள் போச்சு. தைரியமாக முடிவெடுத்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் செய்தேன்.

முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன். அவளுக்கு முழு நினைவு இருந்தது, அதனால் அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். குழந்தை அழவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தோம், மூச்சு வரவில்லை. தாய் பிழைத்தாள்.

மலையிலிருந்து இறங்கி வந்த ராகவன் டாக்டர் என்னைத் திட்டவில்லை. நடந்ததை நடந்தபடியே மேலே எழுதி அனுப்பினார்.

3. விசாரணை

அதிகாரி வந்த அன்று குப்பம்மாளையும் அவள் புருஷன் முனுசாமியையும் அவன் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார்கள். எல்லைத் தகராறு சூடாக இருந்த காலம் அது. பேன்ட் போட்டவர் யார் வந்து எதைக் கேட்டாலும், தமிழா தெலுங்கா என்று பிரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊர் பயப்படும்.

"ஆபரேஷன் செய்தது யார்?" என்று அதிகாரி கேட்டார்.

முனுசாமி கையெடுத்துக் கும்பிட்டான். "பெரிய டாக்டருதான் சார். இந்தம்மா கையே வெக்கல. ஓரமா நின்னுக்கினு இருந்தாங்க, அவ்ளோதான்."

"ஆமா சார், நானும் பார்த்தேன்" என்றான் அண்ணன். அன்று ஆபரேஷன் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவன் பார்த்தது வராண்டாச் சுவரைத்தான்.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "அப்படியென்றால் நீங்கள் மலையில் இருந்ததாக எழுதியது பொய்யா? இந்தம்மாவுக்குப் பதிவு கிடைக்க, தனியாக ஆபரேஷன் செய்ததாக ஒரு கேஸை ஜோடித்தீர்களா?" என்று ராகவன் டாக்டரைத் தெலுங்கில் கேட்டார்.

என் மனு போனால் போகட்டும், அவர் பெயருமா போக வேண்டும்? "சார், அவளைக் கேளுங்கள்" என்றேன். அதுவரை ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

"அவளுக்கு இன்னா சார் தெரியும், மயக்கத்துல கெடந்தா" என்றான் முனுசாமி.

சுவரோரம் உட்கார்ந்திருந்த குப்பம்மாள் எழுந்தாள். "நீ சும்மா இருய்யா. எம் வயித்துல கை வெச்சவங்கள எனக்குத் தெரியாதா? புள்ள போச்சுன்னு எங்கிட்ட சொன்னதே இந்தம்மாதான் சார். சொல்லிட்டு அழுதாங்க. அழுதுக்கினே தையல் போட்டாங்க."

நான் அழுதது அவளுக்குத் தெரியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

முனுசாமி தலையைக் குனிந்துகொண்டான். "இவங்க அறுத்தாங்கன்னு சொன்னா, கேசு போட்டு இவங்கள மெட்ராஸுக்குத் தொரத்திடுவீங்கன்னு ஊர்ல சொன்னாங்க சார். அதான்..."

அதிகாரி வெகுநேரம் எழுதினார். வேலை தெரிந்தவள், ஆனால் விதியை மீறியவள் என்று முடிவானது. பதிவுக்கு மேலும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். அந்தத் தீர்ப்பு நியாயமானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கூட வந்தவர்கள் அன்பினால்கூடப் பொய் சொல்வார்கள். அவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, படுத்திருப்பவளை முதலில் கேளுங்கள். நான் அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன்.

பதிவு வந்த சில நாட்களிலேயே குப்பம்மாள் மறுபடி வந்தாள். "இந்தத் தபா நீதான் கையெழுத்து போடணும்மா" என்றாள். பெண் குழந்தை, வீல் என்று அழுதது. இந்த மண்ணில் நான் கையெழுத்திட்ட முதல் பிறப்பு அதுதான். பேனாவை மூடும்போது, அழாமலே போன அந்த முதல் குழந்தைதான் என் மனதில் இருந்தது.