திம்மராயன் ஏறாத கப்பல்

ஜூஜுவாடித் திம்மராயன் பம்பாய்க் கப்பலொன்றில் இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன். விடுமுறையில் ஊருக்கு வந்தால் வாயைத் திறந்தாலே கப்பல் பெருமைதான். அவன் மனைவி வெங்கடம்மாளுக்கோ கப்பல் என்றாலே பயம். இஞ்சின் அறையில் தீப்பிடித்தால் தப்பி ஓட வழியில்லை என்று அவனே ஒருமுறை உளறி வைத்திருந்தான். இந்தத் தடவை அவனைத் திரும்ப அனுப்புவதில்லை என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"தீ எப்படி வரும்? சூட்டுக் குழாய்மேல எண்ணெயோ எண்ணெய்த் துணியோ படணும். நான் இருக்கற எடத்துல அது நடக்குமா? அப்படியே வந்தாலும் மொதல்ல எண்ணெய்க் குழாய மூடணும், அப்பறம் மணலப் போடணும். தண்ணி மட்டும் கூடாது. எண்ணெய் மெதந்து தீய நாலு பக்கமும் இழுத்துக்கிட்டுப் போவும்" என்றான் திம்மராயன்.

அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்து நாராயணப்பன் கிணற்றடிக் கொட்டகைக்கு ஆயில் இஞ்சின் வந்தது. ஊருக்கே முதல் இஞ்சின்! கேட்கவா வேண்டும், திம்மராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல அதைத் துடைத்தான், மணல் வாளி வைத்தான், மனைவியைக் கூட்டிவந்து காட்டினான்.

"ஒரு சொட்டு எண்ணெய் இருக்கா, பாரு!"

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "சரி, கப்பலுக்குப் போய்ட்டு வாங்க" என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இஞ்சின் படபடவென்று கிளம்பியது. வாய்க்காலில் தண்ணீர் குபுகுபுவென்று பாய, ஊரே அதன் பின்னால் ஓடியது, திம்மராயன் எல்லாருக்கும் முன்னால். திரும்பிப் பார்த்தால் கொட்டகைக்குள் புகை!

கூரையின் தாழ்ந்த விளிம்பான இறவாணத்திலிருந்து ஒரு துணி எரிந்தபடியே டீசல் தொட்டியடியில் விழுந்திருந்தது. நாராயணப்பன் குடத்தோடு பாய்ந்தான்.

"தண்ணி ஊத்தாதீங்க!" வாய்க்காலுக்கு ஓடாமல் உள்ளேயே நின்றிருந்த வெங்கடம்மாள் கத்தினாள். டீசல் குழாயைத் திருகி மூடினாள், வாளி மணலை அப்படியே கவிழ்த்தாள். தீ அடங்கியது.

"துணிய அங்க சொருகுனது யாருடா?" என்றான் நாராயணப்பன்.

வேறு யார்? அரிவாளோ சுருட்டோ, கையில் இருப்பதை இறவாணத்தில் செருகிவிட்டுப் போவது ஊர்ப் பழக்கம். இஞ்சினைத் துடைத்த திம்மராயன் கையும் அதைத்தான் செய்திருந்தது. பக்கத்திலேயே இஞ்சினின் சூடான புகைக்குழாய் போவதை அவன் பார்க்கவில்லை.

வெங்கடம்மாள் மூச்சிரைக்கச் சிரித்தாள். தீயை அடக்கிய பூரிப்பு அவளுக்கு.

"இங்க நான் நின்னேன். கப்பல்ல உங்க பின்னால யாரு நிப்பாங்க?"

மறுநாள் பம்பாய் ரயிலுக்குக் கிளம்பவேண்டிய நேரத்தில், திம்மராயன் ஏணியில் ஏறி நின்று புகைக்குழாய்ப் பக்கத்துக் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் வெங்கடம்மாள்.