செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரே வசனம்

பத்து வயதில் நான் ஒரு நாடாக இருந்திருக்கிறேன். செக்கோஸ்லோவாக்கியா. அந்தப் பெயரில் ஒரு நாடு அப்போதே உலகப்படத்தில் இல்லாமல் போயிருந்தது. எங்கள் வீட்டில் அதை அறிந்திருந்த ஒரே ஆள் ஜெர்மனியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா. அவரும் அம்மாவுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. இல்லாத நாட்டின் வேஷத்தை என் பிள்ளைக்குக் கொடுத்தார்களா என்று அம்மா கிளம்பியிருந்தால், நாடகம் தொடங்குவதற்கு முன்பே போர் தொடங்கியிருக்கும்.

பிரிட்டனில், வால்தம்ஸ்டோவில் நான் படித்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தில், கடைசி வகுப்புப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு நாடகம் போட்டுக் காட்டுவார்கள். முந்தின வருடத்துக்காரர்களுக்குக் கடற்கொள்ளைக்காரர் கதை கிடைத்தது. எங்களுக்கு வாய்த்த மிஸ் புதியவர், இளம் வயது, எதைச் செய்தாலும் அதில் ஒரு பாடம் இருக்கவேண்டும் என்று நினைப்பவர். இரண்டாம் உலகப்போர் எப்படி வந்தது என்பதை நடிக்கப்போகிறோம் என்றார். போரை அல்ல, போர் வந்த வழியை. துப்பாக்கி கிடையாது என்றதும் பாதிப் பையன்களுக்கு முகம் விழுந்துவிட்டது.

ஆளுக்கொரு நாடு. பெயரை அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். ஜெர்மனி கிடைத்தது வகுப்பிலேயே சாதுவான பையனுக்கு. மிஸ்ஸிடம் கழிப்பறைக்குப் போகக் கேட்பதற்கே கூச்சப்படுகிறவன். அவன் மேசை மேல் ஏறி நின்று, வேலையில்லாமல் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துப் பேசவேண்டும். உங்களுக்கு வேலை தருவேன், ரொட்டி தருவேன், உங்கள் கஷ்டத்துக்கெல்லாம் அந்த மூலையில் நிற்கிறவர்கள்தான் காரணம். கூட்டம் கை தட்டவேண்டும். முதல் கிழமை அவனுக்குக் குரலே எழும்பவில்லை. அடுத்த கிழமை எழும்பியது. அதற்கடுத்த கிழமை ஒத்திகை முடிந்த பிறகும் மேசையை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றான்.

விளையாட்டு நேரத்திலும் இது தொடர்ந்தது. ஆஸ்திரியா தன் சிப்ஸ் பையை அவன் கேட்காமலே நீட்டத் தொடங்கினாள். இத்தாலி அவன் பின்னால் வால் பிடித்துத் திரிந்தான். மூலையில் நிற்கும் பாத்திரம் கிடைத்த பிள்ளைகளை யாரும் பந்து விளையாடச் சேர்க்கவில்லை. நாங்கள் இதையெல்லாம் விசித்திரமாக எண்ணவில்லை. நாடகம் நன்றாக வருகிறது என்றுதான் எண்ணினோம்.

எனக்குக் கிடைத்தது கதவு. அதாவது, மண்டபத்துக் கதவுக்கு வெளியே நிற்கும் வேலை. உள்ளே சாப்பாட்டு மேசையைச் சுற்றி பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி என நான்கு பேர் உட்கார்ந்து, ஜெர்மனி போர் தொடங்காமல் இருப்பதற்காக என்னில் எவ்வளவை வெட்டி அவனுக்குக் கொடுக்கலாம் என்று பேசுவார்கள். என் வரைபடத்தில் சிவப்புப் பேனையால் கோடு போடுவார்கள். பிறகு கதவு திறக்கும். நான் உள்ளே போய், படத்தை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி திரும்பி வரவேண்டும். வசனம் கிடையாது. பிறகு வரப்போகும் போலந்துக்குக்கூட வசனம் இருந்தது.

இந்த விவரம் வீட்டுக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. அம்மா ஏற்கனவே இல்ஃபோர்ட்டில் இருந்த பெரியம்மாவுக்கும் எட்மண்டனில் இருந்த மாமிக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தார். அப்பா பெட்ரோல் நிலையத்துக் கல்லாவில் நின்று ஆள் இல்லாத நேரங்களில் அந்த நாட்டின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகியிருந்தார். நாடகத்தன்று லீவும் கேட்டுவிட்டார்.

"வாயில்லாத வேஷமோ?" என்றார் அம்மா. "வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் எண்டு தெரியாதோ உந்த மிஸ்ஸுக்கு?"

சித்தப்பா கதையை விளக்கினார். நாலு பேர் கூடி, ஐந்தாவது ஆளின் நிலத்தை எடுத்துக் கொடுத்து, சமாதானம் வந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்ன கதை. அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்றார். மியூனிக் மாநாட்டைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் பிறகு படித்ததில்லை.

மறுநாள் அம்மா ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸோடு பள்ளிக்கூடம் போனார். மொழிபெயர்ப்பாளர் நான்தான். வசனம் இல்லாததுதான் அந்தப் பாத்திரத்தின் அர்த்தம் என்று மிஸ் பொறுமையாக விளக்கினார். நான் அதை அப்படியே சொன்னேன். அம்மா, அர்த்தத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல் என்றார். இதை நான் சொல்லவில்லை. மிஸ் என் முகத்தையும், அம்மாவின் முகத்தையும், ரோல்ஸ் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சரி, படத்தை வாங்கும்போது ஒரே ஒரு வசனம் சொல்லலாம், அந்த நாடு என்ன சொல்லியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொண்டு வா என்றார். அம்மா அந்த மகிழ்ச்சியில் பிரிட்டனாக வரும் பையன் அந்தக் காலத்துப் பிரதமரைப் போலப் பிடிப்பதற்கு எங்கள் வீட்டுப் பெரிய கறுப்புக் குடையைத் தருவதாக வாக்களித்தார்.

அன்றைக்கு மாலை எங்கள் முன்னறையில் செக்கோஸ்லோவாக்கியாவின் அமைச்சரவை கூடியது. அந்த வருடம், அம்மாவும் அப்பாவும் விட்டு வந்த ஊரில் சண்டை நின்றிருந்தது. எங்கோ வெளிநாட்டில் மேசை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் டிவி அணைவதே இல்லை. யார் வந்தார்கள், யார் எழுந்து போனார்கள் என்று பெரியவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்பா மட்டும் நின்றுகொண்டு பார்ப்பார். அவர் எங்கேயும் அப்படித்தான். டாக்டரிடம் போனாலும் கவுன்சிலுக்குப் போனாலும், கதிரை காலியாக இருந்தாலும், கதவுப் பக்கம் போய் நின்றுவிடுவார். நிற்பதென்றால் சும்மா நிற்பதில்லை, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார். உங்கள் அப்பாவுக்குக் கதிரை என்றால் பகை என்று அம்மா கேலி செய்வார். எனக்கு மற்றவர்கள் முன்னால் வெட்கமாக இருக்கும்.

அம்மா சொன்ன வசனம் நீளமானது, அதில் சாபமும் இருந்தது. சித்தப்பா, "எங்கட கோட்டையெல்லாம் கோட்டுக்கு அங்கால போயிட்டுது, நாளைக்கு உங்களுக்குத்தான் அடி எண்டு சொல்லு" என்றார். பிறகு, கேட்காமலே, ஜெர்மனியில் தனக்கு அறை வாடகைக்குக் கொடுத்த கிழவியைப் பற்றிச் சொன்னார். அவள் சிறுமியாக இருந்தபோது அந்தச் சர்வாதிகாரி காரில் போனதைத் தெருவில் நின்று பார்த்தவளாம். என்ன ஞாபகம் இருக்கிறது என்று இவர் கேட்டாராம். கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்ததுதான் ஞாபகம் என்றாளாம். எவ்வளவு கெட்ட கிழவி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா சமையலறை வாசலில் நின்றார். டிவியைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்களையும் ஒருக்காக் கேட்டிருக்கலாம் எண்டு சொல்லட்டும்."

"உதென்ன, உப்பில்லாத கறி மாதிரி?" என்றார் அம்மா.

எனக்கு அது பிடித்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சின்னதாக இருந்தது, மறக்காது.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. அம்மா, சித்தப்பா, அப்பா மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். அப்பா உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் கண்டேன். எனக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று பெருமையாக இருந்தது. சாதுப் பையன் மேசையில் ஏறிப் போட்ட சத்தத்தில் பின்வரிசைக் குழந்தையொன்று அழுதது. பிறகு என் காட்சி வந்தது. நான் வெளியே போனேன். பெல்ஜியம் கதவைச் சாத்தினாள்.

நடைபாதையில் யாரும் இல்லை. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது, அது என் உயரத்துக்கு மேலே. உள்ளே பேசுவது முணுமுணுப்பாகத்தான் கேட்டது. வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கழுத்து அட்டையின் நூல் அரித்தது.

திடீரென்று பக்கத்துக் கதவு திறந்து அப்பா வெளியே வந்தார்.

"ஏனப்பா வந்தனீங்கள்? உள்ள போய்ப் பாருங்கோ."

"அவை உன்ர படத்தில கீறுகினம்" என்றார். "எனக்கு இருந்து பாக்க ஏலாமக் கிடக்கு."

அது வெறும் பேப்பர், மிஸ்ஸிடம் இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் போகவில்லை. சுவரோடு என் பக்கத்தில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. லீவு போட்டு வந்து, என்னுடைய காட்சியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என் காட்சியில் எழுந்து வந்துவிட்டாரே.

கதவு திறந்தது. நான் உள்ளே போனேன். ஜெர்மனி படத்தை நீட்டினான். என் நாட்டின் ஓரமெல்லாம் சிவப்பாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில், பிரிட்டனாக நடித்த பையன் பதற்றத்தில் தன் முறைக்கு முந்திக்கொண்டு எழுந்துவிட்டான். ஒரு கையில் எங்கள் குடை, மறு கையில் காகிதம். இனிப் போர் இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்றான். அழகான பையன். மண்டபமே கை தட்டியது.

நான் என் வசனத்தைச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் உரத்துச் சொன்னேன். கைதட்டல் இன்னும் கூடியது. பிரிட்டன் குனிந்து வணங்கினான். முன்வரிசையில் அம்மா எழுந்து நின்று, கண் கலங்கத் தட்டிக்கொண்டிருந்தார். பெல்ஜியம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது.

நான் அழுதேன். ரோல்ஸ் கொடுத்து வாங்கிய ஒரே வசனம்.

அப்பா கதவோரத்திலேயே நின்றிருந்தார். குனிந்து என் காதருகே, "எனக்குக் கேட்டது, குஞ்சு" என்றார்.

"நீங்கள் ஒராள் கேட்டு என்ன பிரயோசனம்?" என்று கத்தினேன். நாடகம் முடிந்து அம்மா ஓடிவந்து என் முகத்தைப் பிடித்தபோது அவருடைய உள்ளங்கைகள் சிவந்து சூடாக இருந்தன. எவ்வளவு நல்லாச் செய்தாய் என்றார். நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். அம்மா சித்தப்பாவைப் பார்த்தார்.

இப்போது எங்கள் தெருவின் விளக்குக் கம்பங்களில் யாரோ இந்த நாட்டுக் கொடியைக் கட்டியிருக்கிறார்கள். சில நாட்களுக்கு முன் சித்தப்பா வந்திருந்தபோது, அகதிகள் தங்கியிருக்கும் விடுதி ஒன்றின் முன்னால் ஒரு கூட்டம் நின்று கத்துவதை டிவியில் காட்டினார்கள். ஒருவன் உயரத்தில் ஏறி நின்று, உங்கள் கஷ்டத்துக்கெல்லாம் உள்ளே இருக்கிறவர்கள்தான் காரணம் என்றான். கூட்டம் கை தட்டியது.

"நீயும் அண்ணையை மாதிரி நிண்டுகொண்டெல்லே பாக்கிறாய்" என்றார் சித்தப்பா. அப்போதுதான் நான் நின்றுகொண்டிருப்பதை உணர்ந்தேன்.

பிறகு அவர் சொன்னார். நான் பிறப்பதற்கு முன், அப்பாவின் ஊரை இராணுவம் தன் வேலிக்குள் எடுக்கப்போகிறது என்று செய்தி வந்ததும், ஊருக்காகக் கதைக்கச் சில பேர் போனார்களாம். அப்பா அவர்களில் இளையவர். பேச்சு உள்ளே நடந்தது. இவர்களை வெளியே மரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்காரச் சொன்னார்கள். மரியாதையாகத் தேநீரும் கொடுத்தார்கள். கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று பின்னேரம் வரை இருந்தார்கள். கடைசியில் ஒருவர் வரைபடத்தோடு வெளியே வந்து, யார் யாருடைய வீடு எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அப்பா ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஆருக்குச் சொல்லுறது? கதவைப் பூட்டிப் போட்டாங்கள். திரும்பி வரேக்க வழி நெடுக ஒரு வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தவர்."

எந்த வசனம் என்று நான் கேட்கவில்லை.

நாடகத்தன்று வீட்டுக்கு நடந்து வந்தது நினைவிருக்கிறது. அட்டை அரிக்கிறது என்று நான் கழற்றி எறியப் பார்த்தேன். அப்பா அதை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஹோ ஸ்ட்ரீட்டில் கடைகளுக்கு முன்னால், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, செக்கோஸ்லோவாக்கியா என்ற பெரிய எழுத்துகளைச் சுமந்தபடி நிமிர்ந்து நடந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அழுகை மறந்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என்னைச் சிரிக்க வைக்கத்தான் அப்பா அதை மாட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.