ஒரே ஜோடி மெல்லிய ஊசி

டீவி பார்த்துக்கொண்டே கம்பளி பின்னிவிடலாம் என்று முதன்முதலில் சொன்ன புண்ணியவான் மட்டும் நூலக்காவின் கையில் கிடைத்தால், அவள் ஒன்றும் செய்யமாட்டாள். அதுதான் அவளுடைய கஷ்டமே. மனதுக்குள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, வெளியே "சரி, பாக்கறேன்" என்பாள். அவள் பாக்கறேன் என்று சொன்னால் முடித்துக் கொடுத்துவிடுவாள் என்பது தெரு முழுக்கத் தெரியும்.

படிப்பைப் பாதியில் விட்டவள். தையல்கடையின் பின்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்து காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும்தான் பிழைப்பு. கம்பளிப் பின்னல் கைப்பழக்கம். பையின் வாயிலிருந்து எப்போதும் ஒரு நூல்நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் கடை டெய்லர் வைத்த பெயர் நூலக்கா. அவரே அவளுக்குப் பத்து வயது மூத்தவர். இருந்தும் அக்கா.

யாருக்காவது குழந்தை பிறந்தால் குல்லா. யாராவது வேலை மாறிப் போனால் மஃப்ளர். பக்கத்து வீட்டு நர்ஸ் நாய்க்குட்டியையே தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, இவனுக்கு ஒரு சட்டை மாதிரி. சின்ன உடம்புதானே, உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகுமா?"

"நாலு காலுக்கும் கை வைக்கணுமா?"

"முன்னாடி ரெண்டுக்கு வச்சா போதும்க்கா. பின்னாடி அவனுக்குக் குளிராது."

நாய்க்கு எங்கே குளிரும், எங்கே குளிராது என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே நூலக்கா நாடாவை எடுத்து நாயின் கழுத்தை அளந்தாள். நாய் அவள் விரலை நக்கியது. வந்தவர்களில் நன்றி சொன்னது அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஸ்வெட்டர் பாதியில் கிடந்தது. அது அவள் வீட்டுக்காரருடையது. அவருக்குக் குளிர்கிடங்கில் வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே மூச்சு புகையாக வரும். அவர் போட்டிருந்த பழைய ஸ்வெட்டரில் முழங்கை இருந்த இடத்தில் முழங்கை மட்டும்தான் மிச்சம். புதுசின் முன்பக்கமும் பின்பக்கமும் இடுப்புவரை வளர்ந்து நின்றன. அதற்குமேல் போகவில்லை. ஏனென்றால் அவளிடம் மெல்லிய ஊசி ஒரே ஜோடி. கடையில் கேட்டால் தடித்த பிளாஸ்டிக் ஊசியைத்தான் காட்டுகிறார்கள். அதனால் யாராவது எதையாவது கேட்டு வரும்போதெல்லாம், ஸ்வெட்டரின் கண்ணிகளை ஊசியிலிருந்து ஒரு கயிற்றுக்கு மாற்றிக் கட்டிவைத்துவிட்டு, அந்த ஊசியில் அவர்களுடையதை ஆரம்பிப்பாள்.

"என் ஸ்வெட்டர தூக்குல போட்டுட்டியா மறுபடியும்?" என்பார் அவர், கயிற்றைப் பார்த்துவிட்டு.

ஆனால் அந்த வாரம் அவர் கேலி பேசவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கிழமைலேர்ந்து என்னைய உள் ரூமுக்கு மாத்தறாங்க. அங்க குளிர் இன்னும் ஜாஸ்தி. இந்தக் கந்தல் தாங்காது. ஞாயித்துக்கிழமை கடைக்குப் போயி ஒண்ணு எடுத்துக்கறேன்."

"கடைலயா?"

"பின்ன என்ன பண்றது சொல்லு. உன்மேல தப்பு சொல்லலம்மா."

தப்பு சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. நர்ஸ் வீட்டு நாய்கூட அவள் கையால் பின்னிய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. கட்டின புருஷன் கடைச் சரக்கைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதா? "சனிக்கிழமை குடுத்துடறேன்" என்றாள்.

மெல்லிய ஊசியைத் தேடினால் அது அண்ணியின் சால்வையில் மாட்டிக்கொண்டிருந்தது. அண்ணி என்றால் வீட்டுக்காரரின் அக்கா. தன் சம்பந்தியம்மாவுக்குக் கொடுக்க ஒரு சால்வை கேட்டிருந்தாள். "கடைல வாங்கினா ஒரு மதிப்பு இருக்காது. கையால போட்டதுன்னாதான் பேசுவாங்க. நானே போட்டேன்னு சொல்லிக்கறேன், உனக்கொண்ணும் வருத்தம் இல்லல்ல?" நூலக்கா அதற்கும் பாக்கறேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

அண்ணிக்குப் பயந்து அதைக் கயிற்றுக்கு மாற்ற மனம் வரவில்லை. கடையில் எப்போதோ வாங்கிப்போட்ட தடித்த ஊசியை எடுத்தாள். கொஞ்சம் தளர்ச்சியாக வரும், வந்தால் என்ன, இடுப்புக்கு மேலே யார் இழுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். தடித்த ஊசியில் வேலை ஓடியது. காஜா எடுக்கிற இடைவெளியில் பின்னினாள், குக்கர் சத்தம் போடும்வரை பின்னினாள். டெய்லர் "சட்டைல பட்டன் தைக்கறதுக்குப் பதிலா கம்பளிய தைச்சுடாதக்கா" என்றார். நூலக்கா அடுத்த வரிசையை ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கைகளை வைத்து மூட்டி முடித்தாள். அவர் தலை வழியாக மாட்டினார். மேலே சாக்குப்பை மாதிரி தொளதொளவென்று தொங்கியது. கீழே இடுப்பில் வந்து இறுக்கிப் பிடித்தது. அவர் கையைத் தூக்கினால் மேல்பாதி மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டது. இருவரும் கண்ணாடியில் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தாள்.

"என்னடா இது, பானையக் கவுத்து வச்ச மாதிரி நிக்கற?" சிரித்து முடித்துவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "அது கெடக்கட்டும். என் சால்வை ஆச்சா? நாளைக்கு சம்பந்தி வீட்டுக்குப் போறேன்."

"இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணி."

"இன்னுமா? டீவி பாத்துக்கிட்டே போட்டிருந்தாக்கூட முடிஞ்சிருக்குமே."

நூலக்கா கூடையிலிருந்து சால்வையை எடுத்து மடியில் வைத்தாள். ஒரு நிமிஷம் அதைத் தடவிக் கொடுத்தாள். பிறகு ஊசியைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவினாள். கண்ணிகள் எல்லாம் குஞ்சுகள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"ஏய், என்னடி பண்ற?"

"ஊசி எனக்கு வேணும் அண்ணி. இவரு ஸ்வெட்டர பிரிச்சுத் திரும்பப் போடணும்." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சால்வையை இரண்டு கையாலும் தூக்கி அண்ணியின் கையில் வைத்தாள். "மெதுவா எடுத்துட்டுப் போங்க. நூல் இழுபட்டா பிரிஞ்சுடும்."

அண்ணி தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா, உன் பொண்டாட்டி பேசறா."

"ஆமாக்கா, நானும் இப்பதான் கேக்கறேன்."

விளிம்புவரை பால் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிப் போவதுபோல் சால்வையை ஏந்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து அண்ணி படியிறங்கிப் போனாள். நூலக்கா கதவைச் சாத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு, "கழட்டுங்க, பிரிக்கறேன்" என்றாள்.

அவர் கழற்றவில்லை. போய்ப் பழைய கந்தலை எடுத்துவந்து, புதுசைக் கழற்றாமலேயே அதன் அடியில் அதைப் போட்டுக்கொள்ளப் பார்த்துக் கழுத்தில் சிக்கிக்கொண்டார். அவள் இழுத்து விட்டு, முறையாக ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். மேலே இருந்த தொளதொளப்பில் கந்தல் அடங்கிப் போனது.

"நாளைக்கு ஒரு நாள்ல நீ எப்படித் திரும்பப் போடுவ? நான் இதையே போட்டுக்கறேன்."

"சிரிப்பாங்க."

"அந்தக் குளிர்ல வாயத் தொறந்தா பல்லு கூசும். யாரு சிரிக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை பானையோடு வேலைக்குப் போனார். நூலக்கா அன்று ஒரு சட்டையில் பட்டனை உள்பக்கமாகத் தைத்து டெய்லரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். குளிர்கிடங்கில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்ற நினைப்பிலேயே பொழுது போனது.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். முகத்தில் ஒரு மாதிரியான அசட்டுக் களை.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. மத்தியானத்துக்குள்ள நிறுத்திட்டாங்க. கீழ இறுக்கமா இருக்கறதால காத்து உள்ள ஏறல. மேல லூசா இருக்கறதால உள்ள ரெண்டு சட்டை போட்டுக்கலாம். எங்க சூப்பர்வைசர் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு."

"அதுக்கு?"

"அவருக்கு இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். ஒழுங்கா வந்தா வேணாமாம். இப்படியே வரணுமாம்."

அவசரத்தில் வந்த கோணலை அப்படியே இன்னொரு தடவை எப்படி வரவைப்பது என்று நினைத்தபோதே அவளுக்குத் தலை சுற்றியது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் செருப்பைக் குனிந்து பார்த்தார். "பாக்கறேன்னு சொல்லிட்டேன்."

நூலக்கா உள்ளே போய்ப் புது நூல்சரத்தை எடுத்துவந்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, சரத்தை மாட்டினாள். நூல்நுனியைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்திலேயே அவருக்குத் தோள் வலித்தது. மூக்கு அரித்தது. கையை எடுக்க வழியில்லை.

"டீவியாவது போடேன்" என்றார்.

"டீவி பாத்துக்கிட்டே இதெல்லாம் செய்ய முடியாது" என்றாள் நூலக்கா. "கைய எறக்காதீங்க."