தீவாந்தரத்திலிருந்து வந்த மாமியார்

என் மாமியார் வாந்திபேதியில் செத்துப்போனதாகச் சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கழக ஆட்சி வந்த மறுவருஷம், குறுவை அறுப்புச் சமயத்தில், அவர் நன்னிலத்தில் பஸ்ஸை விட்டிறங்கி எங்கள் தெருவை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் கணவர் பெயரைச் சொல்லி, "அவன் வீடு இதானா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க யாரு?"

"அவனைப் பெத்தவ. அந்தமான்லேர்ந்து வர்றேன்."

உள்ளே அழைத்து நீராகாரம் கொடுத்தேன். குடித்துவிட்டு அவராகவே சொன்னார். பண்ணையின் காரியக்காரர் இவருடைய புருஷனை மரத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்திருக்கிறார். பார்க்கப் பொறுக்காமல் இவர் கையிலிருந்த அரிவாளை ஓங்கினார். ஒரே வெட்டுதான். காரியக்காரர் அங்கேயே செத்துப்போனார். அடிபட்ட புருஷனும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இவருக்குத் தீவாந்தர தண்டனை விதித்துக் கப்பலேற்றினார்கள். அப்போது என் கணவருக்கு இரண்டு வயது.

தீவில் சில வருஷம் கழித்து ஆண் கைதிகளை வரிசையாக நிற்கவைத்து, பிடித்தவனைக் கட்டிக்கொள்ளலாம் என்றார்களாம். இவர் பாஷை தெரியாத ஒரு வடக்கத்தியாரைக் கைகாட்டினார். அவரும் போன வருஷம் காலமாகிவிட்டார்.

"தண்டனை முடிஞ்சப்பவே வந்திருக்கலாமே அத்தை?"

"கொலைகாரி மவன்னு அவனை ஊரு சொல்லக் கூடாதுல்ல. இப்ப எனக்கு வேற போக்கிடம் இல்ல."

சாயங்காலம் வந்த என் கணவர் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். "எங்கம்மா செத்துப்போச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எட்டு நாள் தாயோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் சாப்பிடுவதை மாமியார் கதவோரம் நின்று பார்ப்பார். "அவனுக்கு என்ன மீன் பிடிக்கும்?" என்று என்னிடம்தான் கேட்பார்.

அறுப்புக்கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் வேலைக்குப் போகாமல் இருந்த சமயம் அது. ஒன்பதாம் நாள் காலை, மிராசுதார் வரவழைத்த வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கிவிட்டதாகச் சேதி வந்தது. என் கணவர் கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினார். மாமியார் வாசலை மறித்து, அலகை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"இதை வச்சுட்டுப் போ. உன் மூஞ்சியைப் பார்க்காம நாப்பது வருஷம் ஓட்டிட்டேன். உம் புள்ளைங்களுக்கு அது வேணாம்."

அவர் விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. என் கணவர் பிடியை விட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்.

வயலில் நடந்த கைகலப்பில் ஒருவருக்கு வெட்டு விழுந்தது. போலீஸ் அங்கே நின்ற எல்லோரையும் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டது. ஆயுதம் வைத்திருந்தவர்களுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் தண்டனை கிடைத்தது. என் கணவர் நாலு மாதத்தில் வெளியே வந்தார்.

ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மாமியாரைக் கூப்பிட்டேன். "கம்பிக்கு அந்தாண்ட என் புள்ளைய நான் பார்க்க மாட்டேன்" என்று வர மறுத்துவிட்டார். மகன் வெளியே வருமுன்பே, மார்கழியில் காய்ச்சல் கண்டு, மூன்றே நாளில் இறந்துபோனார். கொள்ளி வைக்க மகன் இல்லை. பங்காளி ஒருவர்தான் வைத்தார்.

அடுத்த தடவை மனுப் போட்டுப் பார்க்கப் போனபோது கம்பிக்கு வெளியே நின்று சேதியைச் சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அது என்னை என்னன்னு கூப்பிடும்?" என்று கேட்டார்.

"உங்க முன்னாடி ஒரு தரங்கூடக் கூப்பிடலை. நீங்க இல்லாதப்ப எம் புள்ள, எம் புள்ளன்னுதான் சொல்லும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நேரமாகிவிட்டதென்று வார்டர் வந்து சொல்லும்வரை நிமிரவில்லை.