இரண்டடிக் கடல்

அந்தத் தெருவில் பல்லுக்காரம்மா என்றால்தான் அவளைத் தெரியும். அவள் பல் பிடுங்குகிறவள் அல்ல, பல் செய்கிறவள். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, மூன்றாம் மாடியில் ஒரு சின்ன லேபில் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் இருக்கும் பற்களை ராவி, பாலிஷ் போட்டு, ஒட்டிக் கொடுப்பவள். இருபத்தோரு வருடமாக இதே வேலை. ஊரையெல்லாம் சிரிக்க வைக்கிறவள் தான் சிரித்து நாளாயிற்று என்று லேபில் கிண்டல் செய்வார்கள். அவள் மறுக்க மாட்டாள். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

சாயங்காலம் வீடு திரும்பும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும். கைப்பையை வைத்த கையோடு அடுத்த வேலை காத்திருக்கும். கூடத்துச் சுவரோரம் இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரு கடல். மீன் ஒப்புக்கு இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் பவளம்: பாறையில் ஒட்டிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் விரிந்து, தொட்டால் சுருங்குகிற உயிர்கள். சூடு கூடினால் ஆகாது, அழுக்குச் சேர்ந்தால் ஆகாது, ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்தால் கொட்டிக்கொண்டு சாகும். இந்தப் பிகுவுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார்கூடத் தோற்றார்கள்!

அது அவள் ஆசைப்பட்டு வாங்கியதல்ல, கணவரின் பைத்தியம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் மிஞ்சியது அவளும் அவருடைய அப்பாவும் இந்தத் தொட்டியும்தான்.

மாமனார் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தைந்து வருடம் லிப்ட் ஓட்டியவர். நாளெல்லாம் மேலும் கீழும் போனேனே தவிர எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று தானே சொல்லிச் சிரிப்பார். மகன் போன பிறகு அந்தச் சிரிப்பும் போயிற்று. அவள் வரும்போது தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இருவரும் ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மகன் நினைப்பில் தொட்டியையே பார்த்துக்கொண்டு கிழவர் காலம் தள்ளுகிறார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பராமரித்ததற்கு அந்த ஒரு காரணம்தான்.

போன மாதம் நாத்தனார், கணவரின் அக்கா, வந்திருந்தாள்.

"எத்தனை நாள்தான் இப்படி வேலையையும் வீட்டையும் இழுத்துட்டுக் கிடப்பே? அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன். தொட்டிய யாருக்காவது குடுத்துடு."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. மாமனார்தான் பிடி கொடுக்கவில்லை. "அது இருக்கிற வரைக்கும் நான் இங்கதான்" என்று தொட்டியைக் காட்டிவிட்டார். அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன் என்று நாத்தனார் கிளம்பினாள். தொட்டி ஒழிந்தால் இவரும் போய்விடுவார், நானும் நிம்மதியாகப் படுப்பேன் என்று பல்லுக்காரம்மாவுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. அந்தக் குரலை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது அடங்கவில்லை.

சொல்லி வைத்தாற்போல் அதற்குப் பிறகு பவளங்கள் சுணங்க ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் பெரியதை, விரல்களின் நுனி சுத்தியல் தலை போல இருப்பதால் கடைக்காரர்கள் 'சுத்தியல்' என்பார்கள். கணவர் கட்டைவிரல் அளவில் ஒட்டி வளர்த்தது, இப்போது ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. அதன் விரல்கள் உள்ளே போய்விட்டன. ஒரு செவ்வாய்க்கிழமை, பாசி தின்ன விட்டிருந்த நத்தை முட்டி அதன் கிளை ஒன்று முறிந்து மணலில் கிடந்தது.

ஒட்டுவதென்றால் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கிளையின் அடித்தண்டைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்தாள். பட்டாணி அளவுக்குக் கெட்டிப் பசை, அதன் மேல் மாவு போலப் பிசைந்து உருட்டிய பிசின், அதற்கு மேல் மறுபடியும் பசை. தண்ணீர் பட்டவுடன் பசை மேலே தோல் கட்டிவிடும். அந்தத் தோல் கிழியும்படி பாறையில் வைத்துத் திருகினால்தான் பிடிக்கும். பிறகு சில நிமிடம் கை அசையக் கூடாது. அவள் அசையவில்லை. முழங்கை வரை தண்ணீரில் விட்டபடியே தூங்கிப்போனாள்.

"கை விறைச்சிடப் போவுதும்மா" என்று மாமனார் எழுப்பினார்.

கிளை ஒட்டிக்கொண்டது. ஆனால் விரல்கள் வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மற்ற பவளங்களும் வாயை மூடிக்கொண்டன. தண்ணீரில் சோதிக்க வேண்டியதையெல்லாம் சோதித்தாள், உப்பைத் தவிர. உப்பு எப்படிக் கூடும்? தொட்டி வற்றும்போது தண்ணீர்தான் ஆவியாகப் போகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த மட்டத்துக்கு வெறும் சுத்தத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதற்கென்றே தொட்டிக்குக் கீழே ஒரு கேன் வைத்திருந்தாள். இந்த மாதம் மழை பிடித்துக்கொண்டதால் மட்டம் குறையவே இல்லை, ஊற்றுகிற வேலையாவது மிச்சம் என்று அவளுக்குச் சந்தோஷம். தண்ணீர் மாற்றும்போது கலக்கிற கடல் உப்புப் பொட்டலம் சீக்கிரம் தீர்ந்தபோது எடையில் ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தாள்.

சனிக்கிழமை லேபில் மின்சாரம் போய் மதியமே அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தால், மாமனார் கையும் களவுமாக நின்றார். ஒரு கையில் ஜக், மறு கையில் ஸ்பூன், காலடியில் உப்புப் பொட்டலம். ஜக்கிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அவள் உப்பு பார்க்கிற கருவியை எடுத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்தில் நிற்க வேண்டியது நாற்பத்து மூன்றில் நின்றது.

"எத்தனை நாளா மாமா?"

"ஒரு மாசமா. நீ வெறும் தண்ணிய ஊத்துறதப் பாத்தேன். பாவம், தூக்கக் கலக்கத்துல உப்பு போட மறந்துடுறேன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டா நீ சங்கடப்படுவே. அதான் நீ வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிடலாம்னு..."

அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு வீதிக்குக் கேட்கிற மாதிரி கத்தலாம் போல இருந்தது. கத்துவதற்குப் பதிலாக, உப்பு ஏன் ஆவியாகாது என்று களைத்த குரலில் சொல்லி முடித்தாள். கேட்கக் கேட்க அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஜக்கைக் கீழே வைத்தார்.

"அவன் வளத்தத நானே கொன்னுட்டேன். என்னால உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, கஷ்டம்தான். நாளைக்கு என் பொண்ணு வர்றாளே, அவகூட நான் கிளம்பிடுறேன்மா."

அவளுக்குள் இருந்த அந்தக் குரல் கேட்ட வரம் இதுதான். சரி மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் வாயைத் திறந்தாள், வந்தது வேறு.

"உங்களுக்காகத்தான் மாமா நான் இதோட மல்லுக்கட்டுறேன். எப்பப் பாத்தாலும் இதையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்களேன்னு. எனக்கு இது ஒரு நாளும் பிடிச்சதில்ல."

"நான் எங்கம்மா இதப் பாத்தேன்?" என்றார் கிழவர், நிஜமான ஆச்சரியத்தோடு. "பகல்ல ஜன்னல் பக்கம் திரும்பி ரேடியோ கேப்பேன். நீ வர்ற நேரத்துக்குத்தான் நாற்காலிய இந்தப் பக்கம் திருப்புவேன். நீ வந்து தண்ணியில கைய விட்டா ஒரு மணி நேரம் இங்க உக்காருவே. இல்லேன்னா சமையல், குளியல், கதவச் சாத்திட்டுத் தூக்கம். அந்த ஒரு மணி நேரம்தான் இது வீடு மாதிரி இருக்கும். தொட்டி போனா அதுவும் போயிடுமேன்னுதான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன்."

பல்லுக்காரம்மா தரையில் உட்கார்ந்தாள். கணவர் போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. மாமனார் தேற்றத் தெரியாமல், உப்புப் பொட்டலத்தின் வாயை மடித்து மடித்து மூடிக்கொண்டிருந்தார்.

ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்கினால் மிச்சம் இருப்பதும் செத்துவிடும். தினம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் ஒரு காலிப் பெட்டியோடு வந்து இறங்கியபோது சுத்தியல் சுருங்கியேதான் கிடந்தது, ஓரங்கள் வெளுத்திருந்தன. பிழைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

"பாதி செத்துப் போச்சே" என்றாள் நாத்தனார். "சரி விடு, வேலை மிச்சம். அப்பாவோட துணிய எடுத்து வைக்கட்டுமா?"

"வேண்டாம் அண்ணி. இது இருந்தாலும் செத்தாலும் மாமா இங்கயே இருக்கட்டும்."

"உனக்கு எதுக்கும்மா இந்தப் பாரம்? உன் மூஞ்சியக் கண்ணாடியில பாத்தியா?"

"பாரம்தான் அண்ணி" என்றாள் பல்லுக்காரம்மா. இல்லை என்று சொல்ல அவளிடம் தெம்பில்லை. "இருந்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போகாமல், மாமனாரின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு வெறும் கையோடு உட்கார்ந்தாள்.