ஆன்ட்டியின் தோளில் ஏறிய எறும்பு

இன்று உப்பல் போகும் பேருந்தில், நான் போனில் பேசிய தமிழைக் கேட்டுப் பக்கத்து இருக்கை ஆன்ட்டி பேச்சுக் கொடுத்தார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவராம்.

"என்னம்மா படிக்கிற?"

"எறும்பு, ஆன்ட்டி. எது எந்த இனம்னு ஆராய்ச்சி. யுனிவர்சிட்டில பிஎச்.டி."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பி.எஸ்சி. முடித்த மகள் இந்தத் துறையில்தான் எம்.எஸ்சி. சேருவேன் என்கிறாளாம். அப்பாவோ அமீர்பேட்டில் சாஃப்ட்வேர் கோர்ஸ் என்கிறாராம். இன்று வீட்டுக்குப் போனதும், தான் யார் பக்கம் என்று இவர் சொல்லியாக வேண்டுமாம்.

"உண்மையச் சொல்லு. வேலை கெடைக்குமா?"

"சீக்கிரம் கெடைக்காது, ஆன்ட்டி."

"அப்ப அவளுக்கு இது நக்கோ, வேணவே வேணாம்."

அந்த நேரம் பார்த்து, நான் இதுவரை கண்டிராத ஓர் எறும்பு அவர் புடவைத் தோளில் ஏறியது. யோசிக்கவே இல்லை. பையிலிருந்து குழாய் பொருத்திய குப்பியை எடுத்து, வாயால் உறிஞ்சி அதை உள்ளே இழுத்துவிட்டேன். எறும்புக்காரர்களின் பழக்கம். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, வாயிலயா!"

"நடுவுல வலை இருக்கு ஆன்ட்டி, வாய்க்கு வராது."

குப்பியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "எம் பொண்ணும் இப்பிடித்தான். இதுங்களப் பாத்துட்டா நாம கூப்பிடுறது காதுல விழாது."

ஹப்சிகுடாவில் இறங்கும்போது என் எண்ணை வாங்கிக்கொண்டார். "அவங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா பஸ்ல இதெல்லாம் செய்யக்கூடாதுன்னு நீதான் அவளுக்குச் சொல்லணும்."

துறை நண்பர்களே, பேருந்தில் ஒருமுறைகூட இதைச் செய்யாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். அந்தப் பெண்ணிடம் உங்களைப் பேசச் சொல்கிறேன்.